இரண்டு நாட்காட்டி தொங்கிய வீடுகள்

2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் அரசு அலுவலகங்களும் வங்கிகளும் பள்ளிகளும் பதினோரு ஆண்டுக்குப் பிறகு ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பிய முதல் வாரம் அது. மற்ற மாநிலத்தாருக்கு இது பெரிய செய்தியே இல்லை. ஜோகூர்க் குடும்பங்களுக்கோ மதியச் சாப்பாட்டுக்கு யார் யார் ஒன்றாக உட்காருவார்கள் என்ற கணக்கையே மாற்றிப் போட்ட ஆணை.

2014 ஜனவரி 1 தொடங்கி மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. தனியார் நிறுவனங்கள் தங்கள் வசதிப்படி நடந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டதால் பல தொழிற்சாலைகள் ஞாயிறு விடுமுறையைக் கைவிடவில்லை. கடற்பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்ப்பவருக்கும் ஞாயிறுதான் ஓய்வு. அப்பாவுக்கு ஞாயிறு, அரசு ஊழியரான அம்மாவுக்கு வெள்ளியும் சனியும், பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் பள்ளி மணி. ஒரே கூரையின் கீழ் இரண்டு நாட்காட்டி தொங்கியது. வாரத்தில் எல்லாரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாள் பல குடும்பங்களுக்குச் சனிக்கிழமை மட்டும். அப்பாவுக்குச் சனிக்கிழமையும் வேலை இருந்தால் அதுவும் இல்லை.

வெள்ளி விடுமுறை புதிய ஏற்பாடும் அல்ல. 1994-க்கு முன்பும் ஜோகூரில் வெள்ளிக்கிழமைதான் ஓய்வு நாள். ஆகவே ஐம்பது வயதைத் தாண்டிய ஜோகூர்க்காரர் ஒருவர் தம் வாழ்நாளில் வார விடுமுறை மூன்று முறை இடம் மாறியதைப் பார்த்திருக்கிறார்.

வெள்ளி விடுமுறையால் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளிக்கிழமை காலை வீடு கழுவி, குத்துவிளக்கு துலக்கி, ஜாலான் உங்கு புவான் ராஜமாரியம்மன் தேவஸ்தானத்துக்கோ தெப்ராவ் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கோ நிதானமாகப் போய்வர முடிந்தது. இப்போது அதே வேலைகள் வெள்ளி மாலை அலுவலகம் விட்டு வந்த பிறகு, நெரிசலில். ஒரு கையில் கிடைத்தது மறு கையில் போயிற்று என்று சொல்லும் அம்மாக்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

வீட்டை நடத்துவது பற்றிப் பேசும்போது திட்டமிடல், ஒழுங்கு, பொறுமை என்று அறிவுரைகள் வரிசைகட்டும். ஜோகூர்த் தமிழ் வீடுகளைப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. சமையல், கைவேலை, பழுதுபார்ப்பு மூன்றும் ஒரே இரண்டு மணி நேரத்துக்காக அடித்துக்கொள்கின்றன. அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு, எப்போது, யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது மனஉறுதி அல்ல. ஷிப்டு, குடிநுழைவு வரிசை, அரசாணை.

நாலு மணி அலாரம்

ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலம் 1924-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அதைக் கடக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நிற்கும் வரிசைதான் வாழ்க்கை. ஸ்கூடாய், மாசாய், உலு திராம் பக்கமிருந்து மோட்டாரில் போகிறவர்கள் காலை நாலு, நாலரைக்கு எழுந்தால்தான் எட்டு மணி வேலைக்கு நிம்மதியாகப் போய்ச் சேர முடியும். திரும்பி வர இரவு எட்டாகும். அதற்குள் சமையலறையில் இரண்டு முறை அடுப்பு பற்றவைத்து அணைத்தாயிற்று.

இந்த வீடுகளில் சாப்பாடு ஒரே வேளையாக நடப்பதில்லை. நாலு மணிக்குக் கிளம்புகிறவருக்குக் காப்பியும் இரண்டு ரொட்டியும், ஏழு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பசியாற, மதியம் வீட்டுப் பாட்டிக்குக் கஞ்சியோ ரசமோ, இரவு ஒன்பதுக்கு மீண்டும் சுடவைத்த மீன் குழம்பு. ஒரு சமையல், நாலு பந்தி. குழம்பைக் கூடுதலாக வைத்துப் பிரித்து எடுத்துவைப்பது ஜோகூர் இல்லத்தரசிகள் எந்தப் புத்தகத்திலிருந்தும் படித்ததல்ல.

பாசிர் கூடாங், செனாய், தெப்ராவ் தொழிற்பேட்டைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் பெண்களின் வீட்டில் இதுவும் கஷ்டம். அங்கே தாப்பாவ்தான் துணை. வெளிச்சாப்பாடு வாங்கி வருவதை ஏதோ குற்றம்போலப் பேசுகிறவர்கள், இரவு ஷிப்டு முடித்து வந்து அரிசி களைகிறவரிடம் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். அதே சமயம் ஒரு புள்ளிவிவரத்தையும் தள்ளிவிட முடியாது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. வாரத்தில் எத்தனை நாள் தாப்பாவ் என்பது, வீட்டுக்கு வீடு, இந்த எண்ணையும் சேர்த்துப் போட வேண்டிய கணக்கு.

கஸானா ஆய்வுக் கழகம் 2019-இல் வெளியிட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் நாளொன்றுக்கு 3.6 மணி நேரம் செலவிடுவதாகவும் ஆண்கள் 2.2 மணி நேரம் செலவிடுவதாகவும் காட்டியது. மலேசியப் பெண்களில் வேலைச் சந்தையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 56 விழுக்காடு. ஆண்களில் 80-ஐத் தாண்டும். இடையிலுள்ள பெரிய இடைவெளியில் படித்த, வேலை தெரிந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களை நிறுத்தி வைத்தது பெரும்பாலும் இந்த 3.6 மணி நேரம்தான்.

தோட்டத்துத் தச்சர் போன பிறகு

பழுதுபார்ப்பு எப்படிக் குடும்பத்தின் தலையில் வந்து விழுந்தது என்பதற்கு ஜோகூரில் ஒரு வரலாறு இருக்கிறது.

குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய், லாபிஸ் என்று ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்த காலத்தில் லயத்து வீடு தோட்டத்துச் சொத்து. கூரைத் தகரம் ஒழுகினால் மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்ல வேண்டும். தோட்டத்துத் தச்சர் வருவார். வராமலும் இருப்பார். 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்துச் சட்டமே வந்தது. எப்படியிருந்தாலும் ஆணி அடிப்பது குடியிருப்பவரின் வேலையாக இருக்கவில்லை. பால் மரம் வெட்ட விடியுமுன்பே போக வேண்டும், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் இறங்கும். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நெற்றி விளக்கோடு போன பெண்களுக்கு நிலைக்கதவைச் சரிசெய்ய நேரமும் இல்லை, உரிமையும் இல்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரை ஒட்டிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாயின. லயத்துப் பிள்ளைகள் தாமான் எனும் குடியிருப்புகளில் வரிசை வீடு வாங்கினார்கள், இருபத்தைந்து முப்பது ஆண்டுக் கடனில். வீடு சொந்தமானது, அதோடு ஒழுகும் கூரையும் சொந்தமானது.

புது வீடு வாங்குகிறவர்களில் பலர் பயன்படுத்தாமலே விடும் உரிமை ஒன்று உண்டு. மலேசிய வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் போடப்படும் விற்பனை ஒப்பந்தத்தில், சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் வரை கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும்; எழுத்தில் தெரிவித்த 30 நாளுக்குள். விரிசல், குளியலறைத் தரையில் தேங்கும் நீர், சரியாக அடையாத ஜன்னல், எல்லாம் இதில் அடங்கும். ஆனால் சாவி வாங்கிய கையோடு பின்னால் சமையலறையை இழுத்துக் கட்டி, முன்னால் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரை போட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படி இடித்துக் கட்டிய இடத்தில் பிறகு ஒழுகினால் யார் பொறுப்பு என்று வாதாடுவது கடினம். முதலில் ஒரு மழைக்காலத்தை வீட்டுக்குள் இருந்து பார்த்துவிட்டுக் கொந்திராக்டரைக் கூப்பிடுவது நல்லது.

மழை என்றால் ஜோகூரில் சாதாரண மழை அல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தை கோத்தா திங்கி, சிகாமட் மக்கள் இன்னமும் ஆண்டுக் கணக்குக்கு அடையாளமாக வைத்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங், சிகாமட் வட்டாரங்களில் மீண்டும். 40,000-க்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் தங்கினார்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் வேலை. சேற்றை வழித்தெடுப்பது, ஊறிப்போன அலமாரியை வீதியில் போடுவது, சுவர் காயும்வரை மின்சாரத்தைத் தொடாமல் காத்திருப்பது. பலகைத்தூள் அழுத்திச் செய்த அலமாரி ஒரு வெள்ளத்துக்கே உப்பிப் பிளந்துவிடும். கெட்டியான மரக் கட்டில் கழுவிக் காயவைத்தால் நிற்கும். நாட்டின் அறைகலன் தொழிலுக்கு மையமான மூவார் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே போய் வாங்குகிறவர்களும் விலைச் சீட்டைப் பார்க்கும் அளவுக்கு மரத்தைப் பார்ப்பதில்லை.

ஒரு வாஷரின் விலை

கடற்பாலத்தின் ஓரமாகப் பெரிய குழாய்கள் ஓடுகின்றன. 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் 2061 வரை. அந்தக் குழாய்களைப் பற்றி இரு நாட்டு அமைச்சர்கள் பேசுவார்கள். சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றிப் பேச யாரும் இல்லை. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஆண்டுக்குப் பதினோராயிரம் லிட்டருக்கும் மேல் வீண்.

இத்தனைக்கும் பழைய வகைத் திருகுக் குழாயில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரு ரப்பர் வாஷர். மீட்டர் பக்கத்திலுள்ள வால்வை அடைத்து, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட வேண்டும். கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே பித்தளைத் தண்டு. அதை ஸ்பேனரால் திருகி வெளியே எடுத்தால் நுனியில் கறுப்பாக, நடுவில் வட்டத் தடம் விழுந்து இறுகிப்போன வாஷர் இருக்கும். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போவதுதான் கெட்டிக்காரத்தனம். அளவைச் சொல்லி விளக்குவதைவிட அதை மேசைமேல் வைத்துவிடலாம். மாற்றியபின் மரையில் வெள்ளை டேப்பைத் திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் திருகத் திருக அவிழ்ந்துகொண்டு வரும். கால் சுற்றுச் சுற்றினாலே திறக்கும் புதுவகைக் குழாய்களில் வாஷர் கிடையாது, உள்ளே இருக்கும் பீங்கான் தட்டுக் கட்டையை முழுதாக மாற்ற வேண்டும்.

இந்த வேலை ஆணுக்குரியது என்று யார் எழுதி வைத்தார்கள் என்று தெரியவில்லை. அப்பா சிங்கப்பூரில், அண்ணன் ஷிப்டில். வீட்டில் இருப்பவர் அம்மா. சொட்டும் குழாயோடு நாள் முழுதும் இருப்பவரும் அவரே. மூன்று வாரம் அடியில் வாளி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து செய்யட்டும் என்று காத்திருந்த காலம் மெல்ல மாறுகிறது. யூடியூப் ஒரு காரணம். 2005-இல் கோலாலம்பூரில் ஒரே கடையாகத் தொடங்கி இன்று தாமானுக்குத் தாமான் வந்துவிட்ட மிஸ்டர் டி.ஐ.ஒய். இன்னொரு காரணம். ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் பாத்திரம் துலக்கும் நாருக்குப் பக்கத்து அடுக்கில் தொங்கும்போது பெண்கள் கேட்டு வாங்கக் கூச்சப்படுவதில்லை. சிகாமட், பாசிர் கூடாங் போன்ற இடங்களிலுள்ள சமுதாயக் கல்லூரிகள் குறுகியகாலப் பயிற்சிகள் நடத்துகின்றன. தையலுக்கும் கேக்குக்கும் போகிறவர்கள் குழாய்ப் பயிற்சி உண்டா என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

மின்சாரம் வேறு கதை. அங்கே துணிச்சல் கூடாது. குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியரிலேயே அறுந்துகொள்ளும் கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும் என்பது விதி. மெயின் பெட்டியில் அதன் மேலிருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது மட்டும் வீட்டாரின் வேலை. படக்கென்று விழவில்லை என்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிட வேண்டும். சமையல் வாயு ரப்பர்க் குழாயும் அப்படியே. 14 கிலோ தோம்புக்கு யோசிக்காமல் காசு கொடுக்கிறவர்கள், சிரிம் தர முத்திரையுள்ள குழாயும் ரெகுலேட்டரும் வாங்கப் பத்துத் தடவை யோசிக்கிறார்கள்.

வீட்டுக்குள் நடக்கும் விபத்தை அரசும் இப்போது வேலையிட விபத்தாகவே பார்க்கத் தொடங்கியிருக்கிறது. 2022 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா கட்டினால், வீட்டை நிர்வகிக்கும்போது ஏற்படும் தீக்காயம், மின்தாக்குதல், வழுக்கி விழுதல் ஆகியவற்றுக்கு சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ சிகிச்சையும் இழப்பீடும் தருகிறது. 55 வயதுக்குள் பதிய வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டையும் பார்க்கும் பெண்களும் சேரலாம். முறுக்குச் சட்டியின் முன் நிற்கும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதுதான் கேள்வி.

கைவேலை எப்போது பிழைக்கிறது

சாப்பாடு தினமும் நேரம் கேட்கும். குழாய் சொட்டினால் கேட்கும். கைவேலை வாய் திறந்து கேட்பதே இல்லை. அதனால்தான் முதலில் பலியாவது அது. பண்டிகை கட்டாயப்படுத்தினாலோ காசு தந்தாலோ மட்டும் உயிர்பிழைக்கிறது.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மலேசியப் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் விரியும் கோலங்கள் வண்ண அரிசியால் ஆனவை. அதை வீட்டில் செய்கிறவர்கள் பச்சரிசியைச் சாயநீரில் புரட்டி, செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்துகிறார்கள். கெட்ட காலம், அந்த நாட்களில்தான் ஜோகூரில் மாலைதோறும் இடி மழை. அரிசி ஈரம் வாங்கிக் கட்டிதட்டும். ஆகவே இரவு முழுக்கக் காத்தாடியைச் சுழலவிட்டு, நடுவில் எழுந்து விரலால் கிளறிவிட வேண்டும். பூ கட்டுவது அப்படி அல்ல, உட்கார்ந்த இடத்தில் செய்யலாம் என்பதால் அது தப்பித்தது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், விரலில் நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. தமிழ்நாட்டு வாழைநார் இங்கே அரிது, நூல்தான்.

தையல் கதை வேறு. தோட்டத்தில் தவணை கட்டி வாங்கிய சிங்கர் இயந்திரம் பல வீடுகளில் இன்னும் மூலையில் மேஜையாக நிற்கிறது, மேலே சாமி படம் வைத்து. அதை மிதித்தவரின் பேத்தி மின்சார இயந்திரத்தில் ரவிக்கை தைத்து, ஆரி ஊசியில் மணி கோத்து, கல்யாண சீசனில் சம்பாதிக்கிறாள். முறுக்கு சுற்றுகிறவர்கள் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை வாட்ஸ்அப்பில் விற்றுவிடுகிறார்கள். உணவு விற்கிறவர் உணவு கையாளும் பயிற்சிக்குப் போய், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் கடைகளுக்கும் போடலாம். 2024-இல் சிறுகடன் நிறுவனமான அமானா இக்தியார் மலேசியா இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கென்றே 5 கோடி ரிங்கிட் ஒதுக்கிக் கடன் திட்டம் தொடங்கியது.

காசு வந்தால் கைவேலை பிழைக்கும். ஆனால் அது கைவேலையாக இருக்காது, இன்னொரு ஷிப்டு ஆகிவிடும். ஐம்பது டப்பா முறுக்குக்கு ஆர்டர் எடுத்த வீட்டில் அன்றிரவு தாப்பாவ்தான். இதில் தப்பில்லை. ஓய்வு என்று எண்ணித் தொடங்கியது ஓய்வாக மிஞ்சவில்லை என்பதை மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்கள் கவனிக்க வேண்டும். அந்த வாரம் பாத்திரம் கழுவுவது யார் என்று கேட்பதற்காகவாவது.

திரும்பி வந்த ஞாயிறு எப்படி இருக்கிறது? கூட்டமாக. கல்யாணங்கள், கோயில் திருப்பணிக் கூட்டம், தேவாரம் வகுப்பு, தாமானில் கோத்தோங் ரோயோங் கூட்டுத் துப்புரவு, ஒரு வாரத் துணி எல்லாம் அந்த ஒரு நாளில் வந்து விழுகின்றன. 2023 முதல் வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணியாகச் சட்டப்படி குறைந்தது. அந்த மூன்று மணி நேரம் எங்கே போனதென்று கேட்டால் ஓவர்டைம் என்று பதில் வரும். ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து ஊட்லண்ட்ஸ் நார்த்துக்கு நாலு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் கடக்கும் ஆர்.டி.எஸ். ரயில் 2026 முடிவதற்குள் ஓடத் தொடங்க வேண்டும் என்பது திட்டம், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர் வரை. மாசாயிலிருந்து மோட்டாரில் போகிறவர் முதலில் புக்கிட் சாகார் வந்து சேர வேண்டும் என்பதால், நாலு மணி அலாரம் எத்தனை வீடுகளில் ஐந்தரைக்குத் தள்ளிப்போகும் என்பதை ஓடிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

அதுவரை பழுது வேலைக்குக் கிடைத்த நாள் ஞாயிறு. ஒரு சின்ன சிக்கல்: பல தாமான்களில் சீனர் நடத்தும் ஹார்ட்வேர் கடைகள் ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கதவை இழுத்துவிடும், சில திறப்பதே இல்லை. வாஷரைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும்.